மூடிப்போகிற இடத்துக்கு ஒரு பிறைமர்

"பிள்ளை, இந்த ரெண்டு ரின்னிலயும் என்ன எழுதிக் கிடக்கெண்டு ஒருக்காச் சொல்லு பாப்பம்."

கராஜால் வந்து கைகூடக் கழுவாமல் அப்பா இரண்டு ஸ்பிறே ரின்களை என் மேசையில் வைத்தார். நான் அடுத்த நாள் சமர்ப்பிக்க வேண்டிய ஒப்படையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு ரின்னின் மூடி சாம்பல் நிறம், மற்றது செம்பு நிறம். இரண்டிலும் ஆங்கிலத்தில் ஒரே பெயர்: வெல்ட் த்ரூ பிறைமர்.

கம்பசில் மொழிபெயர்ப்பு எனக்கு ஒரு பாடம். அதனால் வீட்டுக்கு வரும் எந்த ஆங்கிலக் கடதாசியும் என்னிடம்தான் வரும். கரண்ட் பில்லில் இருந்து அம்மம்மாவின் மருந்துத் துண்டு வரைக்கும் பார்த்திருக்கிறேன். இது கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது. "வெல்ட் த்ரூ எண்டால், வெல்டிங் ஊடாகப் போகக்கூடிய பிறைமர்" என்று சொன்னேன். அப்பா என்னைப் பார்த்த பார்வையிலேயே மொழிபெயர்ப்பு பிழைத்துவிட்டது விளங்கியது.

"ஊடாகப் போறதெண்டால்? பிறைமரை அடிச்சிட்டு அதுக்கு மேலாலயே வெல்ட் வைக்கலாமோ? வெல்ட் பிடிக்குமோ?"

எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள எங்கள் இரண்டு பேருக்கும் ஏறத்தாழ ஒரு மாதம் எடுத்தது. அந்த ஒரு மாதத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

*

அப்பாவுடையது சின்ன டிங்கரிங் கராஜ். தகரக் கூரை, மூன்று பக்கம் மறைப்பு, ஒரு பக்கம் திறந்தபடி. அப்பாவும் ஒரு தம்பியும்தான் வேலை. அடிபட்ட கதவு, நசுங்கிய மட்கார்ட் எல்லாம் வரும். ஆனால் எங்கள் பக்கத்தில் அதிகம் வருவது கறள். கடலுக்கு இவ்வளவு கிட்ட இருக்கிற ஊரில், உப்புக்காற்றில் நிற்கிற வாகனம் வெளியால் மினுங்கினாலும் உள்ளுக்குள் உக்கிக்கொண்டுதான் இருக்கும்.

முந்தி உக்கின வாகனத்தை வித்துப்போட்டு இன்னொன்று எடுப்பார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்குக் கதவு திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். திறந்த பிறகும் வரியோடு சேர்த்துச் சொல்லும் விலை எங்கள் ஊர் வான்காரருக்கு எட்டுகிற விலை இல்லை. அதனால் இருபது, முப்பது வருசம் ஓடின வான்களைத்தான் இன்னும் பத்து வருசம் ஓட்டவேண்டும் என்று கொண்டுவருகிறார்கள். எறிய வேண்டிய தகட்டை வெட்டி, புதுத் தகடு வைத்து ஒட்டுவதே இப்போது அப்பாவின் பிரதான தொழில்.

அப்படி வந்ததுதான் ஒரு டொல்பின் வான். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிற வான். இழுத்துத் திறக்கிற கதவுக்குக் கீழே பிள்ளைகள் காலை வைத்து ஏறுகிற படி இருக்கிறதே, அதன் கீழ்ப்பகுதி முழுக்க உக்கிப்போயிருந்தது. அப்பா ஸ்குரூ டிறைவரால் ஒரு குத்துக் குத்தினார். அது பிஸ்கட்டுக்குள் போவதுபோல உள்ளே போய்விட்டது.

வான்கார அண்ணை சொன்னது இதுதான்: "மேலால ஒரு தகடு வச்சு, பட்டி பூசி, பெயின்ற் அடிச்சுத் தாங்கோ அண்ணை. ரெண்டு வருசம் ஓடினால் காணும்."

அப்படிச் செய்து கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே நாளில் முடியும். வெளியால் பார்த்தால் ஒருவருக்கும் தெரியாது. அப்பாவும் முந்தி அப்படிச் செய்திருக்கிறார். அதை அவர் மறைப்பதில்லை. அன்றைக்கு ஏன் ஓம் என்று சொல்லவில்லை என்பதற்கு ஒரு காரணம் இருந்தது.

*

அதற்கு முதல் வருசம், பென்சன் எடுத்த ஒரு ஆசிரியரின் கார் வந்தது. அதற்கு அப்பா பட்டி வைத்து மறைக்கவில்லை. உக்கின தகட்டை வெட்டி எடுத்து, புதுத் தகட்டை அளவாக மடித்து, வடிவாக வெல்ட் பண்ணி, வெளியால் பிறைமர், பட்டி, பெயின்ற் எல்லாம் ஒழுங்காகச் செய்து கொடுத்தார். காசும் நியாயமாகத்தான் எடுத்தார். ஒரு வருசம் ஆகவில்லை. கார் திரும்பி வந்தது. வெல்ட் வைத்த கோட்டோடு ஒட்டி, பெயின்றுக்குக் கீழே கொப்புளம் கொப்புளமாகக் கறள்.

ஆசிரியர் ஏசவில்லை. "நீர் ஒழுங்காய்த்தானே செய்தனீர்?" என்று மட்டும் கேட்டார். அப்பா காசு வாங்காமல் திரும்ப வெட்டினார். வெட்டிப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. வெளியில் எந்தப் பிழையும் இல்லை. இரண்டு தகடு ஒன்றின் மேல் ஒன்று படிகிற அந்த ஒரு அங்குல இடத்தில், இரண்டுக்கும் நடுவில், கறள் பிடித்திருந்தது. அந்த இடத்தில் அப்பா ஒன்றும் அடித்திருக்கவில்லை. அடிக்கவும் முடியாது. வெல்ட் வைக்க முதல் சாதாரண பிறைமர் அடித்தால் வெல்ட் பிடியாது. வெல்ட் வைத்த பிறகு அடிக்கலாம் என்றால் அந்த இடம் மூடிப்போய்விடும். தூரிகையும் போகாது, ஸ்பிறேயும் போகாது. ஆனால் ஈரம் மட்டும் போகும். பெட்டிபோல மூடின பகுதிக்குள் தண்ணீர் வடிவதற்கென்று ஓட்டைகள் இருக்கும். அவை சேற்றால் அடைபட்டால் மழைத்தண்ணி உள்ளேயே நிற்கும்.

"ரெட் ஒக்சைட் அடிச்சிட்டு ஒட்டினால் என்ன?" என்று நான் கேட்டேன். அப்பா ஒரு துண்டுத் தகட்டில் அடித்து, காயவிட்டு, வெல்டிங் முனையை வைத்துக் காட்டினார். பொறி தட்டுத்தடுமாறிப் பறந்தது. உருகல் ஒரு பக்கம் உருண்டு நின்றது. காய்ந்த பெயின்ற் கரண்டைக் கடத்தாது. போதாக்குறைக்கு அது எரிந்து புகையாகி, உருகின உலோகத்துக்குள் குமிழியாக நிற்கும். அப்படிப்பட்ட வெல்ட் பார்க்க ஒட்டினமாதிரி இருக்கும், இழுத்தால் வந்துவிடும்.

இந்த இடத்துக்கென்றுதான் வெல்ட் த்ரூ பிறைமர். அதற்குள் உலோகத்தூள் மிகுதியாக இருக்கும். காய்ந்த பிறகும் தூள்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதால் கரண்ட் போகும். சாம்பல் மூடி ரின்னில் இருந்தது அப்பாவின் வாயில் சிங்க், எங்கள் ஓ.எல். விஞ்ஞானப் புத்தகத்தில் நாகம். மற்றதில் செம்பு. கடைக்காரர் அப்பாவிடம் சொன்னது "ரெண்டும் ஒரே வேலைதான், செம்பு கொஞ்சம் நல்லா வெல்ட் ஆகும்" என்பதுதான். ஒரே வேலை என்றால் ஏன் இரண்டு?

*

இதற்கு விடை நான் ஓ.எல்.லுக்குப் பாடமாக்கி, சோதனை முடிந்ததும் மறந்துபோன ஒரு இடத்தில் இருந்தது. உலோகங்களின் தாக்கவீதத் தொடர். அதில் நாகம் இரும்புக்கு மேலே, செம்பு இரும்புக்குக் கீழே. வோல்ற்றில் சொன்னால் நாகம் −0.76, இரும்பு −0.44, செம்பு +0.34. இரண்டு உலோகங்கள் ஒட்டி இருந்து, நடுவில் உப்புத்தண்ணியும் இருந்தால், தொடரில் மேலே இருப்பது தான் கரைந்து மற்றதைக் காப்பாற்றும்.

அப்பாவுக்கு இதைத் தாக்கவீதத் தொடராகச் சொன்னபோது அவர் தேத்தண்ணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "கடற்கரையில போட் எஞ்சினுக்குக் கீழ ஒரு வெள்ளைக் கட்டி பூட்டியிருப்பினமே" என்று தொடங்கினேன். உடனே நிமிர்ந்தார். "ஓம், அது கரைஞ்சு கரைஞ்சு போகும். போனால் வேற மாத்துவினம். மாத்தாட்டி எஞ்சினைத் தின்னும்." அதுதான் நாகம். கூரைத் தகரமும் அப்படித்தான். வெட்டின விளிம்பில் இரும்பு வெளியே தெரிந்தாலும் கன நாளைக்குக் கறள் பிடிக்காமல் இருக்கும். பக்கத்தில் இருக்கிற நாகம் தன்னைக் கொடுத்து அதைக் காக்கும்.

செம்பு அப்படி இல்லை. அது இரும்பை மூடி நிற்கும் வரைக்கும் சரி. எங்காவது கீறுப்பட்டு ஈரம் பட்டால் கரைவது செம்பு இல்லை, இரும்பு. அதுவும் செம்பு பக்கத்தில் இருப்பதால் கெதியாகவே கரையலாம்.

"அப்ப சிங்க்தான். பேந்தென்ன கதை?" என்றார் அப்பா.

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இரும்பு உருகுவது ஏறத்தாழ 1538 பாகை செல்சியசில். நாகம் 419 பாகையில் உருகி, 907 பாகையில் கொதித்து ஆவியாகும். தகடு உருக முதலே பிறைமரில் இருக்கிற நாகம் ஆவியாகிப் போய்விடும். செம்பு 1085 பாகையில்தான் உருகவே தொடங்கும். ஆவியாக அதைவிட எவ்வளவோ சூடு வேண்டும். கடைக்காரர் "நல்லா வெல்ட் ஆகும்" என்று சொன்னது பொய் இல்லை. அவர் பாதியைச் சொன்னார், அவ்வளவுதான்.

*

அப்பா ரின்னில் எழுதியிருப்பதையும் நம்பமாட்டார், மகள் சொல்வதையும் நம்பமாட்டார். கழித்த ஒரு கதவில் இருந்து கையளவு துண்டுகளாக வெட்டினார். நான்கு சோடி. ஒன்றுக்கு ஒன்றும் அடிக்கவில்லை. ஒன்றுக்குச் செம்பு. இரண்டு சோடிக்கு நாகம். மேல் தகட்டில் ஓட்டை துளைத்து, கீழ்த் தகட்டோடு சேர்த்துப் பிடித்து, ஓட்டையை நிரப்பி மிக் வெல்டிங்கால் வெல்ட் வைப்பதுதான் அப்பாவின் முறை. வாகனக் கம்பனிகளில் இரண்டு பக்கத்தாலும் நெருக்கிப் பிடித்துப் புள்ளி புள்ளியாக வைக்கிற ஸ்பொட் வெல்டிங் மெசின் இருக்கும். எங்களிடம் அது இல்லை.

நாகம் அடித்த முதல் சோடியில் அடித்தபடியே வெல்ட் வைத்தார். வெடிவெடித்துப் பொறி பறந்தது. ஆறின பிறகு பார்த்தால் வெல்டின் மேல் ஊசி குத்தினமாதிரி ஓட்டைகள். இரண்டாவது சோடியில், ஓட்டைக்குள் தெரிகிற அந்த ஒரு சத அளவு இடத்தில் மட்டும் பிறைமரைச் சுரண்டி, மினுங்குகிற தகடு தெரியப் பண்ணி, பிறகு வெல்ட் வைத்தார். வித்தியாசம் எனக்கே தெரிந்தது. சத்தம் சீராக வந்தது. செம்பு அடித்த சோடி சுரண்டாமலேயே ஓரளவு நன்றாக வந்தது.

பிறகு நான்கையும் வைஸில் பிடித்து, உளியால் பிரித்தார். நல்ல வெல்ட் என்றால் வெல்ட் விடாது. சுற்றியிருக்கிற தகடுதான் கிழியும். சுரண்டாமல் வெல்ட் வைத்த நாகச் சோடி இரண்டு அடியில் பிரிந்தது. மற்ற மூன்றிலும் தகடு கிழிந்தது.

பிரித்த துண்டுகளைக் கீறி, ஐஸ்கிறீம் பெட்டியில் கடல்தண்ணி ஊற்றிப் போட்டேன். ஒரு நாள் தண்ணிக்குள், ஒரு நாள் வெயிலில். அம்மா அந்தப் பெட்டியை இரண்டு தரம் எறியப் பார்த்தா. மூன்று கிழமைக்குப் பிறகு, ஒன்றும் அடிக்காத துண்டு முழுக்கச் செங்கறள். செம்புத் துண்டில் கீறல் இருந்த இடமெல்லாம் கறள் கோடு. நாகத் துண்டின் கீறலில் வெள்ளைப் பவுடர்தான் இருந்தது. அது நாகம் கரைகிற அடையாளம்.

ஆனால் எல்லாத் துண்டிலும் ஒரு விசயம் ஒரேமாதிரி இருந்தது. வெல்டைச் சுற்றி மோதிரம் போல ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் கறள். சூட்டில் எந்தப் பிறைமரானாலும் அந்த இடத்தில் எரிந்துபோய்விடுகிறது. ரின்னில் எழுதியிருக்கும் பெயரைக் கேட்டால் வெல்டிங் முடிந்த பிறகும் பிறைமர் முழுசாக நிற்கும் என்றுதான் தோன்றும். அப்படி நிற்பதில்லை. ஒரு பகுதி போகும், மிச்சம்தான் வேலை செய்யும். அப்பா அந்த வட்டத்தைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "வாத்தியாற்ற காரில இதுதான் நடந்தது" என்றார்.

*

துண்டுகள் கடல்தண்ணிக்குள் ஊறிக்கொண்டிருந்த நாட்களிலேயே இன்னொன்றும் நடந்தது. பொறுமை இல்லாமல் அப்பா சாம்பல் ரின்னை வேறொரு வாகனத்தின் மட்கார்டில் அடித்து, ஒரு பின்னேரம் முழுக்க வெல்ட் வைத்திருந்தார். அன்றைக்கு மழை. தூவானம் அடிக்காமல் இருக்க, திறந்த பக்கத்தையும் தார்ப்பாயால் மூடியிருந்தார். ஓட்டைகளைச் சுரண்டவும் இல்லை, அவசரம்.

இரவு பத்து மணிக்குக் குளிர் நடுக்கம். மேல் முழுக்க உளைவு, தொண்டை வறட்சி, வாயில் இரும்பை நக்கினமாதிரி ஒரு ருசி. எங்கள் ஒழுங்கையில் அப்போதுதான் இரண்டு பேருக்கு டெங்கு. அம்மா அழத் தொடங்கிவிட்டா. நான் பெரியாஸ்பத்திரிக்குப் போவம் என்று நிற்க, அப்பா போர்வைக்குள் இருந்துகொண்டு, "இது வெல்டிங் காய்ச்சல். பால் குடிச்சால் நாளைக்குச் சரி" என்றார்.

அடுத்த நாள் பின்னேரம் உண்மையாகவே சரியாகிவிட்டது. நான் தேடி வாசித்தேன். அது உலோகப் புகைக் காய்ச்சல். நாகம் ஆவியாகி, காற்றில் வெள்ளைப் புகையாக மாறி, நெஞ்சுக்குள் போனால் சில மணித்தியாலத்தில் காய்ச்சல்போல வரும். ஒன்று இரண்டு நாளில் தணியும். தொடர்ந்து செய்கிறவருக்கு உடல் தற்காலிகமாகப் பழகிக்கொள்ளும். ஞாயிறு லீவு எடுத்தால் அந்தப் பழக்கம் விட்டு, திங்கட்கிழமை வேலைக்குப் போகத் திரும்ப வரும். அதனால் அதற்குத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்றும் பெயர். பால் தொண்டைக்கு இதமாக இருக்கலாம், மருந்து இல்லை. அது தானாகத் தணிகிறபடியால் பாலுக்குப் பெயர் போகிறது. காய்ச்சல் தணிந்தாலும் புகை நல்லதென்று ஆகிவிடாது.

எனக்கு நினைவு தெரிந்த நாளில் இருந்து அப்பாவுக்கு அப்படி எத்தனை "தடிமன் காய்ச்சல்" வந்திருக்கும் என்று யோசித்தேன். கூரைத் தகரம், நாகம் பூசின பைப் எல்லாவற்றுக்கும் வெல்ட் வைத்திருக்கிறார். ஒவ்வொரு தரமும் நாங்கள் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தோம்.

அம்மா ஒன்றுதான் கேட்டா. "ஆற்றையோ வானுக்குக் கறள் பிடிக்கக் கூடாதெண்டு உங்கட நெஞ்சைக் குடுக்கப் போறியளோ?"

அப்பாவிடம் பதில் இல்லை. எனக்கும் இல்லை. நாகம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காப்பாற்றுகிறது என்று போட் எஞ்சினை வைத்து ஆசையாகச் சொல்லிக் கொடுத்தது நான்தான். அதே நாகம் யாருடைய நெஞ்சுக்குள் போகிறது என்பதை நான் யோசித்திருக்கவில்லை. ரின்னில் அது எழுதியிருந்தது. "காற்றோட்டமுள்ள இடத்தில் பயன்படுத்தவும், தகுந்த சுவாசப் பாதுகாப்பு அணியவும்." முதல் நாளே அதை வாசித்தேன். எல்லா ரின்னிலும் இருக்கிற வசனம்தானே என்று அப்பாவுக்குச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மொழிபெயர்ப்பு வகுப்பில், முக்கியமில்லை என்று நினைத்து ஒரு வரியை விடுவது எவ்வளவு பெரிய பிழை என்று பக்கம் பக்கமாக எழுதிப் புள்ளி வாங்கினவள் நான்.

*

அப்படியென்றால் செம்புக்குப் போவதா? செம்புப் புகையும் நல்லதில்லை. அதுவும் அதே காய்ச்சலைத் தரக்கூடியது. கொழும்பில் வேலை செய்கிற அப்பாவின் கூட்டாளி ஒருவர் போனில் மூன்றாவது வழி சொன்னார். இரண்டு தகட்டுக்கும் இப்பொக்சி பிறைமர் அடித்து, வெல்ட் வருகிற புள்ளிகளை மட்டும் சுரண்டிவிட்டு வைப்பாராம். அதுவும் வெல்டைச் சுற்றி எரியத்தான் செய்யும். எரியாத இடத்தில் நன்றாக ஒட்டி நிற்கும். ஸ்பொட் வெல்டிங் மெசின் இருக்கிறவர்களுக்குச் செம்பு வசதி. வாகனக் கம்பனி தன் புத்தகத்தில் இன்னதை அடி, அல்லது அடிக்காதே என்று சொல்லியிருந்தால் அதைத்தான் கேட்கவேண்டும். எங்களிடம் இருந்தது முப்பது வருச வான், ஒரு மிக் மெசின், உப்புக்காற்று. அப்பா சாம்பல் ரின்னையே எடுத்தார். ஆனால் அடிக்கிற முறையை மாற்றினார்.

தகட்டை முதலில் மினுங்க மினுங்கச் சுத்தம் செய்தார். கறளுக்கு மேலோ பழைய பெயின்றுக்கு மேலோ நாகம் அடித்துப் பிரயோசனம் இல்லை. அது இரும்பைத் தொட்டால்தான் காக்கும். ரின்னைக் கனநேரம் குலுக்கினார். நாகம் பாரம், அடியில் போய்ப் படிந்துவிடும். குலுக்காமல் அடித்தால் வருவது வெறும் தண்ணிதான். ஒன்றின் மேல் ஒன்று படிகிற ஓரத்தில் மட்டும், மெல்லிசாக, இரண்டு தகட்டிலும் அடித்தார். தடிப்பாக அடித்தால் பாதுகாப்புக் கூடாது, புகைதான் கூடும். நன்றாகக் காயவிட்டார். ஓட்டைக்குள் தெரிகிற இடங்களை ஒவ்வொன்றாகச் சுரண்டினார். வெல்ட் நன்றாகப் பிடிக்கச் செய்கிற அதே வேலைதான் புகையையும் குறைக்கிறது. காய்ச்சல் வந்த அன்றைக்கு அவசரத்தில் விட்டது இந்த ஒன்றைத்தான்.

தார்ப்பாய் இல்லை. வீட்டு ஸ்ராண்ட் ஃபேன் கராஜுக்குப் போனது. புகை முகத்துக்கு வராமல் பக்கவாட்டில் போகிறமாதிரி, வெல்டிங் காஸைக் கலைக்காத தூரத்தில் வைத்தார்கள். முகத்தில் கட்டுகிற லேஞ்சியை அம்மா எடுத்து அடுப்படித் துணியாக்கிவிட்டா. அதற்குப் பதிலாக, வடிகட்டி மாற்றக்கூடிய மாஸ்க் இரண்டு வாங்கினோம். ஒன்று அப்பாவுக்கு, ஒன்று தம்பிக்கு. பிறைமரைவிட அதுதான் விலை. அப்பா முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு, "பன்றி மூஞ்சி மாதிரிக் கிடக்கு" என்று ஒரு மணித்தியாலம் புறுபுறுத்தார். இரவு காய்ச்சல் வரவில்லை.

வெல்ட் முடிந்த பிறகு வெளியால் தெரிந்த சாம்பலை எல்லாம் தேய்த்து எடுத்தார். வெல்ட் த்ரூ பிறைமர் பட்டிக்கும் பெயின்றுக்கும் நல்ல அத்திவாரம் இல்லை. அதன் மேல் பூசினால் பின்னுக்குக் கழன்று வரும். அந்த இடத்துக்கு இப்பொக்சி, பொருத்துக்கு மேல் சீலர். கடைசியாக, அந்த மோதிர வட்டத்துக்காக, படியின் வடிகால் ஓட்டை வழியாக நீளக் குழாயை விட்டு உள்ளுக்குள் மெழுகு ஸ்பிறே அடித்தார். எந்தப் பிறைமரும் மிச்சம் வைக்காத இடத்தை அது மூடும். ஆசிரியரின் காருக்குப் பிறகு அவர் மனதில் கிடந்தது இந்த இடம்தான்.

*

வான்கார அண்ணை பில்லைப் பார்த்தார். அப்பா சொல்ல நான் எழுதின பில். "வெல்டிங் பிறைமர்", "உள் மெழுகு" என்ற இரண்டு வரியில் அவர் விரல் நின்றது.

"இது ரெண்டும் எங்க அண்ணை? ஒண்டும் காணேல்லையே."

அவர் கேட்டது நியாயம். காட்ட ஒன்றும் இல்லை, மூடிவிட்டோம். மூடுகிற நாளில் நான் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். சாம்பல் அடித்த ஓரம், சுரண்டின புள்ளிகள், குழாய் உள்ளே போகிற இடம். அதைக் காட்டினேன். பெரிதாக்கி, பெரிதாக்கிப் பார்த்தார். "இதுக்குள்ள இவ்வளவு கிடக்கே" என்றார். கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கேட்டார்; அப்பா கொஞ்சம் குறைத்தார். மாஸ்குக்கு ஆன காசு எந்தப் பில்லிலும் இல்லை.

அந்த வேலை எத்தனை வருசம் நிற்கும் என்று எனக்கு இப்போது சொல்லத் தெரியாது. ஒரு மாரி தாண்டியிருக்கிறது. கொப்புளம் இல்லை. காலமை ஏழேகாலுக்கு அந்த வான் எங்கள் ஒழுங்கை முகப்பில் நிற்கும்போது, பிள்ளைகள் படியில் கால் வைத்து ஏறுவதை நான் கவனிக்காமல் போவதில்லை.

இப்போது மூடுகிற எல்லா வேலைக்கும் அப்பா படம் எடுக்கச் சொல்கிறார். ரின்னில் இருப்பதை முழுசாகத் தமிழில் எழுதி, கராஜ் சுவரில் ஒட்டச் சொல்லியும் கேட்டார். ஒரு வரியும் விடாமல் எழுதினேன். "பயன்படுத்த முன் நன்றாகக் குலுக்கவும். போதிய காற்றோட்டமுள்ள இடத்தில் பயன்படுத்தவும். தகுந்த சுவாசப் பாதுகாப்பு அணியவும்." என் எழுத்திலேயே வடிவான எழுத்தில்.

போன கிழமை சோறு கொண்டுபோனபோது பார்த்தேன். தம்பி என் மூன்று வரிகளையும் மார்க்கரால் வெட்டிவிட்டு, அப்பா சொல்லச் சொல்லக் கீழே எழுதியிருந்தான்: "குலுக்கு. ஓட்டையைச் சுரண்டு. ஃபேனைப் போடு. மாஸ்கைப் போட்டிட்டுத்தான் தொடு."

என்னுடையதைவிட அதுதான் நல்ல மொழிபெயர்ப்பு. நான் அதை அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.